உப்பு இறுக்குமா, இளக்குமா?

ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. காலையில் குழம்புக்கு உப்பு எடுக்க ஜாடியைத் திறந்தேன். கல்லுப்பு முழுக்க நனைந்து, அடியில் தண்ணீர் கட்டி நின்றது. கடல் தண்ணீர் வடிந்த பிறகு முகத்துவாரத்துச் சேற்றிலிருந்து ஒரு வாடை வருமே, அதே வாடை. கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் புளித்தண்ணீர் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

"தூளுப்பு வாங்கித் தொலைச்சா என்ன? பாக்கெட்டைப் பிரிச்சமா, போட்டமான்னு இருக்கும்ல" என்று கூடத்திலிருந்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார். ஒவ்வொரு மழைக்கும் சொல்வதுதான். எனக்கு உன் நினைவுதான் வந்தது, தோழி. கல்லுப்புதான் அழும், தூளுப்பு அழாது என்று சொன்னால் நீ சண்டைக்கு வந்துவிடுவாய். "அழுறது உப்பு இல்லடி, அதுகூட ஒட்டிக்கிட்டு வந்த மெக்னீசியம். யாரு அழுறாங்கன்னு சரியாப் பார்த்துச் சொல்லு" என்பாய். இன்று அழுதது நான்தான். சரியாகப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நமக்கு நடுவே இருந்தது ஒரே ஒரு சண்டை. ஒரு செல்லைச் சுற்றி இருக்கிற மெல்லிய சவ்வின் மேல் உப்பு பட்டால் அது இறுகுமா, இளகுமா? இளகும் என்றேன் நான். இறுகும் என்றாய் நீ. கல்யாணம் வந்தது, கடல் குறுக்கே வந்தது, பிள்ளை வந்தது, நோய் வந்தது. சண்டை மட்டும் ஓயவில்லை. நம் வயதுப் பெண்கள் நகையையும் நாத்தனாரையும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நாம் இதைப் பேசினோம். இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்று உன் உம்மா சிரிப்பார்.

தஞ்சாவூரில் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் சேர்ந்தபோது விடுதியில் நமக்கு ஒரே அறை. நீ நாகூர், வாப்பா துணிக்கடை. நான் திருவாரூருக்குக் கிழக்கே, கடற்காற்று எட்டுகிற ஒரு கிராமம். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நட்டுக் களை பறித்த குடும்பம். அப்பா காலத்தில்தான் எங்களுக்கென்று துண்டு நிலம் வந்தது. முதல் நாள் பெட்டியைப் பிரித்துக்கொண்டே நீ கேட்டாய்: "உங்க ஊர்ல என்ன விளையும்?" "நெல்லு. இப்ப எறாலு" என்றேன். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷங்களில் கடலோரம் முழுக்க இறால் பண்ணை முளைத்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, டாலரில் காசு என்று பேசினார்கள். யார் யாரோ காரில் வந்து நிலம் பார்த்தார்கள். எங்கள் வயலுக்கு அடுத்த வரப்பு வரை குளம் வெட்டி உப்புத் தண்ணீரைக் கட்டிவிட்டார்கள். அது மண்ணுக்கடியில் கசிந்து எங்கள் பக்கம் வந்தது. பயிர் நுனி கருகி, தூர் வெடித்துக் குத்துக் கட்டாமல் நின்றது. அப்பா வாய்விட்டு எதுவும் சொல்கிறவர் இல்லை. வரப்பில் உட்கார்ந்து ஒரு நெல் தாளைப் பிடுங்கி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார். நான் அந்த இலைகளை ஈரத்துணியில் சுற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். வட்டமாக வெட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, அதில் கரைந்ததை அளக்கும் மீட்டரை வைத்தால், நல்ல வயலின் இலை கம்மென்று இருந்தது. எங்கள் வயலின் இலை தன்னிடம் இருந்த சத்தையெல்லாம் தண்ணீரில் விட்டிருந்தது. உப்பு பட்டால் சவ்வு இளகும், இளகி ஒழுகும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றேன்.

"அது இலை. அதுல ஆயிரம் சமாச்சாரம் இருக்கும். வெறும் சவ்வை மட்டும் எடுத்து வச்சிப் பாக்கணும்" என்றாய் நீ. வெறும் சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். கொழுப்பு நிறைய இருப்பது மூளையில். நீ கீழவாசல் கறிக்கடைக்குப் போய் ஆட்டு மூளை வாங்கி, எவர்சில்வர் தூக்கில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாய். கண்டக்டர் கேட்டார்: "தூக்குல என்னம்மா, சாப்பாடா?" "மூளைங்க." "யாருக்கு இல்லாமப் போச்சு?" பஸ்ஸே சிரித்தது. நீ கொஞ்சம் கூடக் கூசாமல் என்னைக் காட்டினாய்.

அந்த மூளையிலிருந்து கொழுப்பைப் பிரித்து, உலர்த்தி, தண்ணீர் விட்டுக் குலுக்கினோம். தண்ணீர் பிடித்த தலை வெளியே, தண்ணீர் பிடிக்காத வால் உள்ளே என்று மூலக்கூறுகள் தாமாகவே இரண்டு வரிசையாக அணிவகுத்து, குட்டிக் குட்டிப் பைகளாகச் சுருண்டுகொண்டன. குழாயில் பார்த்தால் நீர்த்த மோர் மாதிரி இருக்கும். இனி உப்பு சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. ஆய்வகத்துச் சுத்தமான உப்புப் பாட்டிலில் அடிவண்டல்தான் இருந்தது. எழுதிப்போட்டு வர மாதமாகும். நீ விடுதிச் சமையற்கட்டுக்குப் போய் ஒரு பிடி கல்லுப்பு அள்ளிவந்தாய். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் பிறந்தவளுக்கு உப்பு என்றால் கடலில் விளைகிற கல்லுப்புதானே? வேறே ஒரு உப்பு இருக்கிறது என்று மூளை ஒத்துக்கொண்டாலும் கை ஒத்துக்கொள்ளாது.

போட்ட கொஞ்ச நேரத்தில் மோர் திரிந்து, கட்டி கட்டியாக அடியில் படிந்துவிட்டது. சார் வந்து பார்த்தார். "இதென்ன, சமையல்கட்டா? கொட்டிட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்று போய்விட்டார். நான் கொட்டக் குழாயைக் கையில் எடுத்தேன். நீ பிடுங்கிக்கொண்டாய். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாய்.

"இது கெட்டுப்போகலடி. ஏதோ ஒண்ணு எல்லாத்தையும் புடிச்சு இழுத்திருக்கு."

சுத்தமான உப்பு வந்த பிறகு மறுபடி செய்தோம். அப்போது திரியவில்லை. கல்லுப்போடு கூட வந்த வேறொன்றுதான் அதைச் செய்திருக்க வேண்டும் என்றாய். அலமாரியிலிருந்து கால்சியம் குளோரைடு எடுத்து ஒரு சிட்டிகை போட்டாய். உடனே திரிந்தது. நீ குதித்ததில் ஸ்டூல் கவிழ்ந்தது. அந்தச் சத்தத்துக்கும் சார் வந்து திட்டிவிட்டுப் போனார்.

அதை எனக்கு நீ விளக்கியது ஆய்வகத்தில் அல்ல. அந்த வருஷம் தர்காவின் கந்தூரித் திருவிழாவுக்கு என்னை நாகூருக்கு அழைத்துப் போயிருந்தாய். கொடி ஊர்வலம் வருகிற சாயங்காலம். கப்பல் மாதிரி அலங்கரித்த வண்டிகள் தெருவில் அசைந்து வந்துகொண்டிருந்தன. தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். யாரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வரிசை கலையாமலே அத்தனை பேரும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். "இதுதான் சவ்வு. நெருக்கமாவும் இருக்கு, ஓடிக்கிட்டும் இருக்கு" என்று என் காதில் கத்தினாய். பிறகு ஒரு கையால் என்னையும் மறு கையால் உன் உம்மாவையும் பிடித்துக்கொண்டாய். மூன்று பேரும் நகர முடியாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டோம். பின்னால் வந்தவர்கள் நம்மைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள்.

"இது கால்சியம். ரெண்டு கை. சோடியத்துக்கு ஒரு கைதான், அதனால லேசாப் புடிக்கும். ஆனா புடிக்கும். இறுக்கத்தான் செய்யும், இளக்காது."

"ஒரு கையை வச்சிக்கிட்டு எதையும் இறுக்க முடியாது" என்றேன்.

"அட, ரெண்டு பேரும் பேச்சை நிறுத்துங்க புள்ளைங்களா, ஊர்வலத்தைப் பாருங்க" என்றார் உம்மா. நாம் பார்க்கவில்லை. சண்டை அங்கேயே வளர்ந்தது.

இருவருக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதே மாதத்தில் உனக்கு மாப்பிள்ளையும் கிடைத்தது. நான் கவலைப்படவே இல்லை. உங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர் துபாயில் இருந்தாலும் நீ நாகூரிலேயே இருப்பாய், காலையில் ரயில் ஏறித் தஞ்சாவூர் வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டிருந்தேன். உன் உம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் காலம் மாறியிருந்தது. மாப்பிள்ளைக்குக் குடும்ப விசா கிடைத்துவிட்டது. நூறு வருஷத்து வழக்கத்தை ஒரு ஸ்டாம்பு மாற்றிவிட்டது. நீ பெட்டி கட்டினாய்.

விமான நிலையத்துக்கு வேன் புறப்படும்போது நீ அழவில்லை. "நான் போறதால நீ ஜெயிச்சிட்டேன்னு அர்த்தம் இல்ல" என்று மட்டும் சொன்னாய். வேன் தெருமுனை திரும்பிய பிறகு உன் உம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று எனக்கு உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன் இடத்துக்கு வேறொரு பையன் சேர்ந்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். அவனோடு எப்படிச் சண்டை போடுவது?

பிறகு வெள்ளிக்கிழமைகள் வந்தன. உங்களுக்கு அங்கே விடுமுறை. நான் விடுதிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் காத்திருப்பேன். நீ அங்கிருந்து போன் கார்டு வாங்கி அடிப்பாய். நலமா, சாப்பாடா, வெயிலா என்ற பேச்செல்லாம் கிடையாது. "ஏய், கேளு" என்றுதான் ஆரம்பிப்பாய். ஒரு வெள்ளிக்கிழமை உன் குரலே வேறாக இருந்தது.

"பீட்ரூட் வாங்கிட்டு வரச் சொன்னேன் இவரை. என்னமோ பொரியல்னு நினைச்சிக்கிட்டாரு."

பீட்ரூட்டைச் சீராக நறுக்கி, வெட்டுச்சாயம் போகும் வரை கழுவி, ஜன்னல் ஓரத்தில் வரிசையாக டம்ளர் வைத்திருக்கிறாய். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் உப்புத் தண்ணீர். இன்னொன்றில் உப்போடு கொஞ்சம் கால்சியம். கால்சியம் உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். துணி அலமாரியில் ஈரம் உறிஞ்ச ஒரு டப்பா வைப்பார்களாம். அதிலிருக்கும் வெள்ளைக் கல் கால்சியம் குளோரைடாம். புருஷன் சட்டைகளுக்கு நடுவிலிருந்து எடுத்து வந்திருக்கிறாய். உப்பு டம்ளர் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. கால்சியம் போட்ட டம்ளரில் சாயம் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

"பாத்தியா, உப்பு பட்டா ஒழுகுது. நான் சொன்னதுதான்" என்று பூத்துக்குள் கத்தினேன். பூத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அவசரப்படாத. சவ்வுல ஏற்கெனவே கால்சியம் உக்காந்திருக்கு, வரிசையைப் புடிச்சிக்கிட்டு. உப்பு கூட்டமா வந்து அதைத் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காந்துக்குது. ரெண்டு கைக்காரனைத் தள்ளிட்டு ஒத்தைக் கைக்காரன் வந்தா வரிசை தளரத்தான் செய்யும். அது உப்போட குணம் இல்லடி. கால்சியம் போன குணம்."

நான் பதில் யோசிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வரை என்னைத் தூங்கவிடாமல் செய்த பெருமை உன்னுடையது.

ஆனால் அந்தப் பேச்சால் அப்பாவின் வயலுக்கு ஒரு வழி பிறந்தது. வேளாண்மை ஆபீசில் ஜிப்சம் போடச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அப்பா நம்பவில்லை. ஏற்கெனவே உப்பான மண்ணில் இன்னொரு வெள்ளைப் பொடியைக் கொட்டுவதா என்பது அவர் கேள்வி. நான் உன் கதையைச் சொன்னேன். ஜிப்சத்தில் இருப்பதும் கால்சியம்தான். மண்ணில் ஒட்டியிருக்கிற உப்பைத் தள்ளிவிட்டு அது உட்காரும். பிறகு தண்ணீரைக் கட்டி வடித்தால் உப்பு வெளியேறும். அப்பா கேட்டுவிட்டு, "இத சொன்னது அந்த நாகூர் பொண்ணா?" என்றார். "ஆமா." "அப்ப போடுவம்." நான் சொன்னால் கேட்காத மனுஷன். பண்ணைக்காரர்களும் இறாலுக்கு நோய் வந்து நஷ்டப்பட்டுக் குளத்தை விட்டுப் போயிருந்தார்கள். காவிரித் தண்ணீர் வந்த ஒரு வருஷம் அப்பா அதைக் கட்டிக் கட்டி வடித்தார். பயிர் மெல்ல மெல்லப் பச்சை பிடித்தது. முதல் அறுப்பின் அரிசியை உன் உம்மா வீட்டில் கொண்டுபோய் இறக்கினார் அப்பா. "இது நான் ஜெயிச்சதுக்கு வந்த அரிசி" என்று போனில் நீ பீற்றிக்கொண்டாய்.

நான் பெங்களூர் போனேன். அங்கே குழாயும் தூக்கும் கிடையாது. சவ்வின் ஒரு துண்டை, அதன் ஒவ்வொரு அணுவையும் கணக்காகக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, மேலும் கீழும் தண்ணீர் வைத்து, ஓடவிட்டுப் பார்க்கிற வேலை. நீ நம்பவில்லை. "கண்ணால பாக்கலாமா? ஒவ்வொரு கொழுப்பும் நகருறதையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். உன் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கேட்டாய். பின்னால் அவள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் வந்தது. "ஒரு நாள் எனக்குக் காட்டு. உப்பு போட்டுக் காட்டு. அன்னிக்குத் தெரிஞ்சிடும் யாரு சொன்னது சரின்னு." காட்டுகிறேன் என்றேன். அவசரம் என்ன இருக்கிறது என்று இருவருமே நினைத்தோம்.

அப்புறம் ஒரு நாள் உன் நம்பரிலிருந்து உன் வீட்டுக்காரர் பேசினார். "தங்கச்சி, ஊருக்கு வந்துட்டோம். வயித்துல கட்டி. தஞ்சாவூர்ல காட்டுனோம். இனிமே வீட்டுல வச்சிப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க." நீ போனை வாங்கினாய். குரல் நூலாக இருந்தது.

"ஏய், கேளு. அந்தப் படம் ஓடுதா?"

அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. உப்பில்லாத சவ்வு ஒன்று, உப்புப் போட்டது ஒன்று. கம்ப்யூட்டர் ஒன்றும் நம் அவசரத்துக்கு ஓடாது. அந்த உலகத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதைக் கணக்குப்போட அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வேறு ஆட்களின் வேலையும் வரிசையில் நின்றது. நான் ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினேன். என் தோழி சாகப்போகிறாள், அவள் இதைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் விட்டுக்கொடுத்தார்கள். ஓடி முடிவதற்கு முன்பு நீ போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு பிரார்த்தனை இல்லை. எல்லா சாமியிடமும் கேட்டேன், உன் தர்கா திசை பார்த்தும் கேட்டேன்.

முடிந்த அன்றே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். தஞ்சாவூரில் பாசஞ்சர் பிடித்தேன். நீடாமங்கலத்தில் வண்டி எதற்கோ கிடந்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், ஜன்னலில் கடலை விற்கிறவர், எல்லாம் வழக்கம்போல. நான் ஒருத்திதான் இன்ஜின் பக்கம் எட்டிப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "மடியில என்னம்மா, அப்படிப் புடிச்சிருக்கே?" என்றார். நான் லேப்டாப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உன் வீட்டுக் கூடத்தில் கட்டில். அதில் நீ இருக்கிறாய் என்பது போர்வையின் மேடு பள்ளத்தில்தான் தெரிந்தது. ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டி வைத்திருந்தார்கள். உம்மா என்னைப் பார்த்ததும், "பசியாறுனியா புள்ள?" என்று கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். நீ கண்ணைத் திறந்தாய்.

"போடு."

கட்டிலில் உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, திரையை உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். முதலில் உப்பில்லாத சவ்வு. தலைகள் அசைந்தன, வால்கள் நெளிந்தன, ஒன்றையொன்று தாண்டி நகர்ந்தன. "கொடி ஊர்வலம்" என்றாய். பிறகு உப்பு போட்டதை ஓடவிட்டேன். சோடியத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருந்தேன். மேலே தண்ணீரில் அலைந்த மஞ்சள் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தலைகளுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்தன. உட்கார்ந்த இடத்தில் கொழுப்புகள் நெருங்கின. நெருங்க நெருங்கச் சவ்வு தடித்தது. ஓட்டம் தளர்ந்தது. இறுகிவிட்டது.

நீ இமைக்காமல் பார்த்தாய். உன் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன்.

"தோத்துட்டியா?"

"தோத்துட்டேன்."

உன் உதடு சிரிப்பது போல் இழுத்தது. அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பு நின்றது. என் பக்கம் மெல்லத் திரும்பினாய்.

"அப்ப இனிமே எதுக்குடி எனக்கு போன் பண்ணுவே?"

இத்தனை வருஷத்தில் நீ கேட்டதற்கெல்லாம் நான் எதிர்வாதம் வைத்திருந்தேன். இதற்கும் ஒன்று கிடைக்குமா என்று திரையில் தேடினேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்ற உன் வீட்டுக்காரரின் தோள் குலுங்கியது. எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மஞ்சள் புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டினேன். "ஜெயிச்சிட்டேன்னு ஆடாத. சோடியத்துக்கு ஒத்தைக் கைன்னு சொன்னேல்ல? இங்க பாரு. ஒரே ஆளு, மூணு கொழுப்பைப் புடிச்சிட்டிருக்கு. அந்தக் கை கணக்குல நீ தோத்துட்டே."

நீ உற்றுப் பார்த்தாய். ஒன்று, இரண்டு, மூன்று என்று உன் விரல் போர்வைமேல் எண்ணியது. "அட" என்றாய். நோயே இல்லாதவள் போல, ஸ்டூலைக் கவிழ்த்தவள் போல, அந்த ஒரு சொல்லில் பழைய நீ எட்டிப் பார்த்தாய். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாய்.

"பொட்டாசியம் போட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"போட்டுப் பாரு. அது பெரிய ஆளு, உள்ள நுழையாது. அது இறுக்காது. பந்தயம்."

நான் ஆயுசு முழுக்க இளக்கும் இளக்கும் என்று பேசியவள். உனக்கு எதிராகப் பேச வேண்டுமே என்பதற்காக அந்த நிமிஷத்தில் என் கட்சியையே மாற்றிக்கொண்டேன். "இறுக்கும்" என்றேன். "பாத்துக்கலாம்" என்றாய். "போன் பண்ணு" என்றாய்.

அந்த வாரம் தாண்டவில்லை. நான் இன்னும் நாகூரில்தான் இருந்தேன். காலையில் உம்மா வாயில் தண்ணீர் விட்டபோது அது உள்ளே போகவில்லை. உள்ளறையில் பெண்கள் உன்னைக் குளிப்பாட்டினார்கள். நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். கற்பூரத் தண்ணீரின் வாடை கதவிடுக்கில் வந்தது. நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் உன்னைத் தூக்கினார்கள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. வாசலோடு நமக்கு முடிந்துவிடும். துபாய்க்குப் போன வேனைப் பார்த்த அதே படியில் நானும் உம்மாவும் நின்றோம். தெருமுனை திரும்பி நீ மறைந்ததும் உம்மா இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வலித்தது. எடுக்கவில்லை. இது கால்சியம் என்று உன்னிடம் சொல்லத் தோன்றியது. சொல்ல நீ இல்லை என்பது அப்போதுதான், அந்த நொடியில்தான் எனக்கு முழுசாக உறைத்தது. தெருவென்றும் பாராமல் கதறினேன்.

இன்றைக்கும் ஆறவில்லை. ஆறிவிடும் என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அடுத்த வருஷமே பெங்களூரை விட்டுத் திருவாரூருக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்தேன். ஏன் வந்தாய் என்று கேட்டால் அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்பேன். ஒரு கல்லுப்பு ஜாடியைத் திறந்தால் உன் வாடை வருகிற ஊர் இதுதான் என்று யாரிடம் சொல்ல முடியும்? உம்மாவைப் பார்க்க அவ்வப்போது போகிறேன். பசியாறினாயா என்று இன்னும் கேட்கிறார்.

பொட்டாசியம் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னதுதான். உள்ளே நுழையவில்லை, மேலோடு தொட்டுத் தொட்டுப் போய்விட்டது. சவ்வு கிட்டத்தட்ட முன்னிருந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. முடிவு வந்த அன்று வெள்ளிக்கிழமை. போனை எடுத்து உன் நம்பரை அழுத்திவிட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள். "தோத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பாவம், அந்த மனுஷர் என்ன நினைத்தாரோ.

அதற்குப் பிறகு மெக்னீசியம் போட்டேன். சர்க்கரை போட்டேன். வேறு வேறு கொழுப்பில் சவ்வு கட்டினேன். ஒவ்வொன்றையும் ஓடவிடும் முன்பு, நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்து, அதற்கு நேர் எதிராக நான் சொல்வேன். பெரும்பாலும் தோற்றுப்போவேன். நல்ல வேலை செய்கிறாள் என்று ஊர் சொல்கிறது. நான் செய்வதெல்லாம் உனக்கு போன் பண்ண ஒரு காரணம் தேடுவதுதான். நீ விட்டுப்போன சண்டையைக் கீழே வைக்க எனக்கு மனசில்லை.

மழை இன்னும் விடவில்லை. ஜாடியில் கட்டிய தண்ணீரை நான் கொட்டவில்லை. கொட்டப் போனால் நீ பிடுங்கிக்கொள்வாய்.

ஏய், கேளு. நாளைக்கு லித்தியம் போடப்போகிறேன். சோடியத்தைவிடச் சின்ன ஆள். இளக்கும் என்று நான் சொல்கிறேன். நீ என்ன சொல்றே?